ஏரிக் குஞ்சுகள்: சராசரி கூடினால் வளர்ந்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி, பிப்ரவரி 4

ஒரே ஏரி, ஒரே கெண்டை இனம். மாதத்துக்கு ஒரு தடவை வலை போட்டுக் குஞ்சுகளை அளக்கிறோம். போன மாதம் சராசரி 22 மில்லிமீட்டர், இந்த மாதம் 34. ஆக ஒரு மாதத்தில் 12 மில்லிமீட்டர் வளர்ச்சி. போன வருஷம் இதே சமயத்தில் இதில் பாதிகூட இல்லை. இந்த வருஷம் தண்ணீர் நல்ல பச்சை. தீனி அதிகம், அதனால் வளர்ச்சி அதிகம் என்று நான் சொல்கிறேன். கூட வேலை பார்ப்பவர் தலையாட்ட மாட்டேன் என்கிறார். யார் சொல்வது சரி?

பிப்ரவரி 4, இரவு

பச்சையைக் குஞ்சு தின்பதில்லை. பச்சையைத் தின்னும் சிற்றுயிர்களைத்தான் தின்கிறது. நடுவில் ஒரு படி இருக்கிறது, கணக்கு பெரும்பாலும் அங்கேதான் உதைக்கும். தாவர மிதவை, அதாவது தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசி, பெருகினால் விலங்கு மிதவையும், அதாவது அதைத் தின்னும் சிற்றுயிர்களும், பெருகும் என்பது பாதி நாட்களில்தான் நடக்கும். நீலப்பச்சைப் பாசி திட்டுத் திட்டாகக் கூட்டம் கட்டிவிட்டால் டாஃப்னியாவால் (விலங்கு மிதவையில் பெரிய வகை, நீர்த்தெள்ளு) அதை வடிகட்டித் தின்ன முடியாது. தண்ணீர் பச்சையாகத்தான் இருக்கும், குஞ்சுக்கு வயிறு காயும்.

அதோடு, டாஃப்னியா இல்லாததாலேயே தண்ணீர் பச்சையாகியிருக்கலாம். அவற்றை யார் தின்று தீர்த்தது? குஞ்சுகளாகவே இருக்கலாம். அப்படியானால் உங்கள் பச்சைக்கு அர்த்தம் நேர்எதிர்.

மீதி நாளை.

பிப்ரவரி 5

முதல் தீனியிலிருந்து தொடங்குகிறேன். அது புரியாமல் 22 மில்லிமீட்டரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

முட்டையிலிருந்து வந்ததும் குஞ்சுக்கு வயிற்றடியில் மஞ்சள்கருப் பை இருக்கும், சில நாட்களுக்கு அதுவே சோறு. வாய் திறந்து, கண்ணில் நிறம் ஏறி, காற்றுப்பையில் காற்று நிரம்பி, நேராக நீந்தத் தொடங்கும்போது அந்தக் கையிருப்பு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அந்தச் சில நாட்களில் வெளித்தீனி பிடிக்கப் பழகியாக வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் உடம்பு வேகமாக எரிக்கும், கையிருப்பும் சீக்கிரம் தீரும். ஆக வெதுவெதுப்பு நல்லது என்பது தீனி பக்கத்தில் இருக்கும்வரைதான்.

என்ன தின்னும் என்பதை வாய் தீர்மானிக்கிறது. பல் கிடையாது, கடித்துத் துண்டாக்க வழியில்லை, வாய்க்குள் முழுதாகப் போவதைத்தான் விழுங்க முடியும். அதனால் பெரும்பாலான இனங்களுக்கு முதல் இரை ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், கோபிபாடு என்ற சின்ன ஓட்டுயிரின் இளங்குஞ்சுகள். வாய் அகல அகல டாஃப்னியாவின் சின்ன உறவான போஸ்மினா, அப்புறம் டாஃப்னியா, அப்புறம் அடித்தரையில் இருக்கும் ரத்தப்புழுக்கள். சில இனங்களுக்குக் கடைசியில் அடுத்த மீன்.

இதை ஒரு கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். குஞ்சு இரையைக் கண்டதும் நின்றுவிடும். இரண்டு கண்ணும் முன்பக்கம் திரும்பும். வால் மெல்ல மடங்கி உடம்பு முழுக்க ஒரு வளைவாகும். அப்படியே அசையாமல் ஒரு கணம். பிறகு வெட்டி நிமிர்ந்து பாயும். தொடக்கத்தில் பெரும்பாலான பாய்ச்சல் தவறிப்போகிறது. இரை நகர்ந்திருக்கும், அல்லது வாய் கொஞ்சம் விலகியிருக்கும். திரும்பவும் நின்று, வளைந்து, பாயும். அவ்வளவு சின்ன உடம்புக்குத் தண்ணீர் நமக்குத் தேன் மாதிரி: உந்துவதை நிறுத்தினால் சறுக்கிப் போகாது, அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு தவறிய பாய்ச்சலும் செலவுதான். இதைப் பார்த்த பிறகு 'குஞ்சு மேய்கிறது' என்று எழுதக் கை வருவதில்லை, அது வேட்டை.

நார்வேக்காரர் யோஹான் ஹியோர்ட் 1914ல் எழுதியது ஹெர்ரிங், காட் (cod) என்ற கடல் மீன்களைப் பற்றி. ஒரு வருஷக் குஞ்சு பெருகுவதும் அடுத்த வருஷக் குஞ்சு அற்றுப்போவதும் இந்த முதல் தீனிக் கட்டத்தில்தான் முடிவாகிறது என்பது அவர் ஊகம். 1963ல் பிளாக்ஸ்டரும் ஹெம்பெலும் ஹெர்ரிங் குஞ்சுகளைப் பட்டினி போட்டுப் பார்த்து, ஒரு எல்லைக்கு அப்பால் தீனி சுற்றிலும் இருந்தாலும் தின்னும் தெம்பு போய்விடுகிறது என்று காட்டினார்கள். குஞ்சு உயிரோடு இருக்கும், ஆனால் கணக்கில் அது செத்தாயிற்று. ஏரிக்கும் இது பொருந்தும். ஆனால் ஏரியில் இந்த ஒரு கட்டமே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நான் நம்பவில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

பிப்ரவரி 5, சற்றுப் பின்

'வெள்ளிக் கெண்டை பாசிதானே தின்கிறது' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வளர்ந்தது தின்கிறது. பாசியை வடிகட்டச் செவுள் முட்கள் நெருக்கமாக வளர்ந்திருக்க வேண்டும், குஞ்சுக்கு அது இன்னும் வரவில்லை. அதுவும் ரோட்டிஃபரில்தான் தொடங்குகிறது. கட்லா வளர்ந்த பிறகும் பெரும்பாலும் விலங்கு மிதவையை விடுவதில்லை.

பிப்ரவரி 8

வயிற்றை அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்கிறார் கேள்வி கேட்டவர். தெரியும், ஆனால் வயிறு நேர்மையான சாட்சி இல்லை.

முதல் விஷயம், கெண்டைகளுக்கு இரைப்பையே கிடையாது. வளர்ந்தாலும் வராது. உணவுக்குழாய் நேராகக் குடலில் போய்ச் சேரும். நிறைய வாங்கி வைத்துக்கொண்டு ஆற அமரச் செரிக்க இடமில்லாததால் பகல் முழுக்கக் கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். (சில மனிதர்களும் இப்படித்தான், அவர்களுக்கு இந்தச் சாக்கு கிடையாது.) ஆகவே 'வயிறு' என்று நாம் சொல்வது குடலின் முன்பகுதி. எந்த நேரத்தில் பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்து அது நிறைந்தோ காலியாகவோ இருக்கும். கண்ணால் பார்த்துப் பிடிக்கிற குஞ்சு இரவில் அதிகம் தின்னாது. விடிவதற்கு முன் வலை போட்டுவிட்டு 'பாவம், பட்டினி' என்று எழுதக் கூடாது.

இரண்டாவது, பிடித்த பிறகும் செரிமானம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். உடனே பதப்படுத்தாவிட்டால் உள்ளே கூழ்.

மூன்றாவதுதான் பெரியது. ஊசி முனையால் குடலைக் கீறி, ஒரு சொட்டுத் தண்ணீரில் பரப்பி, நுண்ணோக்கியில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது டாஃப்னியாவின் பின்னுடல் நகங்கள், பழுப்பாக, ஜோடி ஜோடியாக. ஓடு நசுங்கியிருக்கும், நகம் அப்படியே இருக்கும். அதை எண்ணி இரண்டால் வகுத்தால் எத்தனை டாஃப்னியா என்று வந்துவிடும். கோபிபாடின் உணர்கொம்புத் துண்டுகள், கால்கள். எல்லாம் எண்ணலாம். ரோட்டிஃபர்? கெட்டி ஓடு உள்ள கெரட்டெல்லா கிடைக்கும். ஓடில்லாத மென்மையான வகைகள் கரைந்து அடையாளமே இல்லாமல் போயிருக்கும். ஆக வயிற்றுக் கணக்கு எப்போதும் கெட்டித் தோல்காரர்கள் பக்கம் சாய்ந்தே இருக்கும். 'குஞ்சுகள் ரோட்டிஃபரைச் சீண்டவே இல்லை' என்று யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் தள்ளி நின்று கேளுங்கள்.

ஏரியில் இருப்பதையும் வயிற்றில் இருப்பதையும் ஒப்பிட இவ்லெவ் குறியீடு இருக்கிறது, சோவியத் விஞ்ஞானி விக்டர் இவ்லெவ் கொடுத்தது. வயிற்றில் உள்ள பங்கிலிருந்து ஏரியில் உள்ள பங்கைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுக்க வேண்டும். வயிற்றில் 60 சதவீதம் டாஃப்னியா, ஏரியில் 20 என்றால் 40ஐ 80ஆல் வகுத்து 0.5. ஒன்றை நெருங்கினால் தேடித் தின்கிறது, கழித்தல் ஒன்றை நெருங்கினால் ஒதுக்குகிறது. அழகான எண். ஆனால் குஞ்சு மேய்ந்த இடத்தில் எடுத்த தண்ணீராக இருக்க வேண்டும். நடு ஏரியில் மிதவை வலை இழுத்துவிட்டு, கரையோரச் செடிக்குள் பிடித்த குஞ்சின் வயிற்றோடு ஒப்பிட்டால் வருவது வெறும் வகுத்தல் கணக்கு.

பிப்ரவரி 9

கேட்ட கேள்விக்கு வருகிறேன். சராசரி.

பத்துக் குஞ்சு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து 18 மில்லிமீட்டர், ஐந்து 26. சராசரி 22. இப்போது 18ல் நான்கைத் தட்டான்பூச்சியின் நீர்ப்புழுக்களும் பெரிய மீன்களும் தின்றுவிட்டன. மிச்சம் ஆறு. சராசரி 24.7. யாரும் ஒரு இம்மிகூட வளரவில்லை.

வளர்ச்சி அட்டவணைகளில் நாம் 'வளர்ச்சி' என்று எழுதுவதில் ஒரு பகுதி சின்னவை செத்துப்போனதன் தடம். சின்னதாக இருப்பது பல வகையில் ஆபத்து: எல்லார் வாய்க்கும் அடங்கும், ஓடும் வேகம் குறைவு, கையிருப்புக் கொழுப்பு குறைவு. அதனால்தான் முதல் தீனிக் கட்டமே எல்லாம் என்ற வாதம் எனக்கு ஏரியில் ஒட்டவில்லை. சின்னவற்றைச் சலித்துக் கழிப்பது அந்தக் கட்டத்தோடு நிற்பதில்லை, முதல் வருஷம் முழுக்க நடக்கிறது.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். ரோசா லீ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் நூறாண்டுக்கும் முன்பே இதைக் கவனித்தார். வயதான மீனின் செதிள் வளையங்களை வைத்து அது முதல் வயதில் எவ்வளவு நீளம் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால், இளம் மீன்களிடம் அதே கணக்கைப் போட்டு வருவதைவிடக் குறைவாக வருகிறது. காரணங்களில் ஒன்று, வேகமாக வளர்ந்தவை வலையில் சீக்கிரம் சிக்கிவிட, வயதாகும்வரை மிஞ்சியவை மெதுவாக வளர்ந்தவை.

வலையும் சும்மா இருப்பதில்லை. வலைக்கண் பெரிதாக இருந்தால் சின்னது நழுவும். இழுப்பு மெதுவாக இருந்தால் பெரியது தப்பும். உங்கள் 22க்கும் 34க்கும் ஒரே வலைதானா?

பிப்ரவரி 9, பின்னிரவு

ஒன்று சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்சு வளரவே இல்லை என்று நான் சொல்வதாக ஆகிவிடும். 12 மில்லிமீட்டரையும் சாவு மட்டும் கொண்டுவந்திருக்க முடியாது. அதற்குத் தொடக்கத்திலேயே 34ஐத் தாண்டிய குஞ்சுகள் நிறைய இருந்திருக்க வேண்டும். நிஜ வளர்ச்சியும் இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி.

நீளத்தை வைத்து யோசித்தால் ஏமாந்துவிடுவோம் என்பதும் இருக்கிறது. உடல் வடிவம் மாறவில்லை என்றால் எடை நீளத்தின் மும்மடியாகப் போகும். 22லிருந்து 34 என்றால் நீளம் ஒன்றரை மடங்குதான், எடை மூன்றரை மடங்குக்கும் மேல். முப்பது நாளில் அது என்றால் நாளுக்கு நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். குஞ்சுப் பருவத்துக்கு இது நடக்கக்கூடியதே, அசாதாரணம் எதுவுமில்லை.

பிப்ரவரி 11

போன வருஷம் ஏன் குறைவு என்று யோசித்துக்கொண்டிருந்தேன். முட்டை ஒரே தவணையில் வந்ததா? பல இனங்கள் இரண்டு மூன்று தவணையாக இடும். நடுவில் ஒரு புதுத் தவணைக் குஞ்சு வலைக்கு அகப்படும் அளவுக்கு வந்து சேர்ந்தால் சராசரி கீழே இறங்கும். பழைய குஞ்சுகள் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும், உங்கள் தாளில் மட்டும் வளர்ச்சி குறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சராசரியைத் தூக்கிப்போட்டுவிட்டு ஒவ்வொரு குஞ்சின் நீளத்தையும் பட்டை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு மேடா, இரண்டு மேடா என்று கண்ணுக்கே தெரியும்.

பிப்ரவரி 12

இரண்டு மேடு வர இன்னொரு வழி: ஒன்றையொன்று தின்பது. பைக் மீனில் இது பிரசித்தம், விரால் குஞ்சு வளர்ப்பவர்களுக்கும் புதிதல்ல. ஒரே நாளில் பொரித்த கூட்டத்தில் கொஞ்சம் முந்திக்கொண்ட ஒன்று பக்கத்தில் இருப்பதை விழுங்கத் தொடங்கினால், அதற்குப் பிறகு அதன் வளர்ச்சி வேறு வழியில் போகும். இரண்டு கூட்டத்தையும் கலந்து சராசரி எடுத்தால் வரும் நீளத்தில் ஏரியில் ஒரு குஞ்சுகூட இருக்காது.

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்ற பெரிய கொன்றுண்ணி மீன் பெருகி, அங்கிருந்த ஹாப்லோக்ரோமிஸ் என்ற சின்ன மீன்களைத் தின்று தீர்த்த பிறகு அதன் வயிற்றில் அதிகம் கிடைத்தவை காரிடினா என்ற சின்ன இறாலும் நைல் பெர்ச்சின் சொந்தக் குஞ்சும்.

விரால் என்றதும் நினைவுக்கு வருகிறது. செம்மஞ்சள் நிறத்தில் அதன் குஞ்சுக்கூட்டம் நீர்மட்டத்தில் குமிழியிட்டுக்கொண்டே நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தாய்தகப்பன் காவல். அந்தக் காவல் இருக்கும்வரை குஞ்சு திறந்த தண்ணீரில் துணிச்சலாக மேயலாம். காவல் விலகினதும் கூட்டம் கலைந்து செடிக்குள் போகும். தீனியும் மாறும், வளர்ச்சியும் மாறும். ஏரி மாறவில்லை.

பிப்ரவரி 14

அந்தச் செடி விஷயத்தை விட மனசில்லை, ஏனென்றால் தீனி அதிகம் என்றால் வளர்ச்சி அதிகம் என்ற வாதத்தை நேராக அடிப்பது அதுதான்.

அமெரிக்காவில் எர்ல் வெர்னர், கில்லியம், ஹால், மிட்டெல்பாக் நான்கு பேரும் 1983ல் வெளியிட்ட சோதனை. ஒரு குளத்தை நடுவில் தடுத்து இரண்டு பக்கமும் புளூகில் மீனை மூன்று அளவில் விட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கொன்றுண்ணி, லார்ஜ்மவுத் பாஸ். பாஸ் இல்லாத பக்கத்தில் எல்லா அளவும் தீனி எங்கே லாபமோ அங்கே போய் மேய்ந்தன. பாஸ் இருந்த பக்கத்தில் சின்னவை மட்டும் செடிக்குள்ளேயே பதுங்கின. தீனி வெளியே கொட்டிக் கிடந்தும் அவற்றின் வளர்ச்சி குறைந்தது. பாஸுக்குப் பயப்படத் தேவையில்லாத பெரியவையோ, போட்டி குறைந்ததால் இன்னும் நன்றாகவே வளர்ந்தன.

ஒரே குளம்தான். தீனி எவ்வளவு இருக்கிறது என்று எத்தனை தடவை அளந்தாலும் இது அகப்படாது. எந்தத் தீனியைப் பயமில்லாமல் எடுக்க முடிகிறது என்று கேட்க வேண்டும். உங்கள் ஏரியில் போன வருஷம் பெரிய மீன்கள் எவ்வளவு இருந்தன? இந்த வருஷம் பிடிபட்டுக் குறைந்திருந்தால் பச்சைக்குச் சம்பந்தமே இல்லாமல் குஞ்சுகள் வெளியே வந்திருக்கும்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் ஏரிகளில் வளரும் சாக்கை (sockeye) சால்மன் குஞ்சுகளைப் பாருங்கள். பல ஏரிகளில் பகலில் ஆழத்து இருட்டில் கிடக்கும், அந்தியிலும் விடியலிலும் மேலே வந்து மிதவையைத் தின்னும். பிடிக்கப் போதுமான வெளிச்சம் இருக்க வேண்டும், பிடிபடாத அளவு மங்கலும் இருக்க வேண்டும். அந்த இடைவெளி ஒரு நாளில் கொஞ்ச நேரம்தான்.

பிப்ரவரி 15

சுருக்கமாக ஒன்று. குஞ்சு தீனியைத் தின்பது மட்டுமில்லை, தீனியின் அளவையே மாற்றிவிடுகிறது. செக் நாட்டு ஹர்பாச்செக் 1960களின் தொடக்கத்தில் இதைச் சொன்னார். 1965ல் புரூக்ஸும் டாட்சனும் கனெக்டிகட்டின் கிரிஸ்டல் ஏரியை வைத்துக் காட்டினார்கள்: 1942ல் அங்கே பெரிய மிதவை உயிர்கள் இருந்தன, அலோசா இன மீன் வந்து நிலைத்த பிறகு 1964ல் எடுத்துப் பார்த்தால் பெரியவை போய்ச் சின்னவை மட்டும். மீன் பெரிதைத்தான் முதலில் பார்க்கிறது, பெரிதைத்தான் முதலில் முடிக்கிறது.

ஆகவே குஞ்சு மிக நன்றாகப் பிழைத்த வருஷம் பெரும்பாலும் வளர்ச்சி குன்றிய வருஷமாக முடியும். ஏரி நிறையக் குஞ்சு, எல்லாம் குட்டை. உங்கள் போன வருஷம் மோசமான வருஷம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? எண்ணிக்கை எடுத்தீர்களா?

பிப்ரவரி 19

எண்ணிக்கை எடுக்கவில்லையாம். வலை ஒரே வலைதானாம், நல்லது. தனித்தனி நீளங்கள் நோட்டில் இருக்கின்றனவாம், அது அதைவிட நல்லது.

நிஜ வளர்ச்சி மட்டும் வேண்டுமென்றால் காதுக்கல்லுக்குப் போக வேண்டும், மீனின் உட்காதில் இருக்கும் சின்னச் சுண்ணாம்புத் துணுக்கு அது. 1971ல் பன்னெல்லா என்ற ஆய்வாளர் அதில் நாளுக்கு ஒரு வளையம் விழுவதைக் காட்டினார். குஞ்சின் தலையிலிருந்து அந்தத் துணுக்கை எடுத்து, தேய்த்து, நுண்ணோக்கியில் எண்ணினால் வயது நாள் கணக்கில் தெரியும். வளையங்களுக்கு இடையிலான அகலம் எந்த வாரம் நன்றாகத் தின்றது என்றும் ஓரளவு சொல்லும். இந்த மாதம் பிடித்த 34 மில்லிமீட்டர்க் குஞ்சு போன மாதம் எவ்வளவு இருந்தது என்று அதிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அது 22க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் சராசரி நம்பத்தக்கது. 25, 26 என்று வந்தால் சின்னவை வழியில் போய்விட்டன. கண் கெடுகிற வேலை, சின்னக் குஞ்சில் கல் தேய்ந்தே காணாமல் போகும், ஆனால் வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

பிப்ரவரி 20

கல் எடுக்க வசதியில்லை, எடை போதுமா என்கிறார்.

முழுதாகப் போதாது. ஆனால் ஒரு பயன் உண்டு. எடையை கிராமில் எடுத்து நூறால் பெருக்கி, சென்டிமீட்டர் நீளத்தின் மும்மடியால் வகுத்தால் ஃபுல்டன் குறியீடு. ஒரே நீளமுள்ள இரண்டு குஞ்சில் எது கொழுத்தது என்று அது காட்டும். குஞ்சு வாங்குகிற சக்தியை நீளத்தில் போடுகிறதா, கொழுப்பில் போடுகிறதா என்பது முக்கியம். நீளம் கூடினால் அடுத்தவன் வாய்க்கு அடங்காது. கொழுப்பு சேர்ந்தால் தீனி இல்லாத காலத்தைத் தாங்கும். குளிர்நாட்டு ஏரிகளில் பனிக்காலம் முழுக்கக் கையிருப்பில் ஓட்ட வேண்டும். உடம்பு சின்னதாக ஆக ஒவ்வொரு கிராமுக்கும் எரிக்கும் அளவு கூடுவதால் பனிக்காலம் முடியும்போது சின்னக் குஞ்சுகள்தான் முதலில் காணாமல் போயிருக்கும். அடுத்த பருவத்தில் அளப்பவர் சராசரி கூடியிருக்கிறது என்று எழுதுவார்.

உங்கள் கூட்டாளியிடம் ஒரு விஷயம் கேளுங்கள். போன மாதத்துக் குஞ்சுகளை உயிரோடு அளந்தீர்களா, ஃபார்மலினில் போட்டு வைத்திருந்து அளந்தீர்களா? அதில் கிடந்தால் குஞ்சு சுருங்கும், சின்னதாக இருக்க இருக்க அதிகமாகச் சுருங்கும். ஒரு மாதம் உயிரோடு அளந்து மறு மாதம் பாட்டிலில் இருந்து எடுத்து அளந்திருந்தால் மேலே நான் எழுதியதை எல்லாம் படிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.